ஓ குரூப் கணையத்தில் தெரிந்த பச்சை

சுகர் என்றால் ஐம்பது வயது, தொப்பை, காலை நடை, ஊறவைத்த வெந்தயம். சென்னைக்குத் தெரிந்த சுகர் அதுதான். ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சில நிமிடங்களில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் வந்துவிடும். வெறும் வயிற்றில் ஒரு தடவை, டிபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் கொடுப்பதற்காகக் காலை ஏழு மணிக்கே ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் குழந்தைகளைப் பார்ப்பது அபூர்வம். சுகர் வந்த குழந்தை பெரும்பாலும் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் வரும்.

பதினைந்து நாளாக அது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருக்கும். எப்போதோ விட்டுப்போன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்திருக்கும். யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காது. "வளர்ற வயசு, இளைக்கத்தான் செய்யும்" என்று பாட்டி சொல்லியிருப்பார். பிறகு ஒரு ராத்திரி வயிற்று வலி, வாந்தி, ஆழமாக இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு. வாயருகே குனிந்தால் கனிந்து அழுகிய பழத்தின் வாடை. விரலைக் குத்திச் சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தால் எண்ணே வராது, 'ஹை' என்று மட்டும் காட்டும்.

குளுக்கோஸ் இறங்கி, இன்சுலின் ஏறி, குழந்தை கண் திறந்த பிறகு அம்மா கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். "போன மாசம்கூட நல்லாத்தானே இருந்தா டாக்டர்? ரெண்டு பக்கமும் இந்தச் சின்ன வயசுல யாருக்கும் சுகர் கிடையாதே. திடீர்னு எப்படி?"

திடீரென்று வரவில்லை. போன மாதம் நன்றாக இருந்தபோதும், அதற்கு முன் எல்.கே.ஜி.யில் ரைம்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோதும், அவள் ரத்தத்தில் அடையாளம் இருந்திருக்கக்கூடும். யாரும் தேடியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு எதிராக உடம்பே தயாரிக்கும் ஆன்டிபாடிகள் அந்த அடையாளம். அவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனை இப்போது சென்னை லேப்களில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஜி.ஏ.டி. 65, ஐ.ஏ. 2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8, இன்சுலின் ஆன்டிபாடி என்று நாலு பெயர். பல லேப்களில் ரத்தத்தை எடுத்துப் பெரிய லேப்புக்கு அனுப்பிவிடுவார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். கொலஸ்டிரால் டெஸ்ட்டைவிட விலை பல மடங்கு.

இந்தச் சோதனை பிறந்த கதை பிணவறையில் தொடங்குகிறது.

1922-க்கு முன்பு, இன்று டைப் 1 என்று அழைக்கப்படும் இந்த வகை நீரிழிவு வந்த குழந்தை சீக்கிரமே செத்துப்போகும். இன்சுலின் வந்ததும் பிழைத்துக்கொண்டது. குழந்தைகளுக்கு அது மறுபிறவி. நோயின் காரணத்தைத் தேடியவர்களுக்கோ ஒரு கதவு மூடிக்கொண்டது. நோய் வந்த புதிதில் கணையம் எப்படி இருக்கும் என்று பார்க்க யாருக்கும் கணையம் கிடைக்கவில்லை. இருபது முப்பது வருடம் வாழ்ந்து இறந்தவர்களின் கணையத்தில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. பிரஸ்ஸல்ஸில் வில்லி கெப்ட்ஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், நோய் தெரிந்த சில மாதங்களுக்குள் இறந்துபோன இளம் வயதினரின் கணையத் துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். அப்படி 22 பேர். அவர்களில் 15 பேரின் கணையத்தில், இன்சுலின் சுரக்கும் சின்னஞ்சிறு திட்டுகளுக்குள் வெள்ளணுக்கள் புகுந்து மொய்த்திருந்தன. 1965-ல் வெளியிட்டார். அந்தக் காலப் பாடப் புத்தகங்களில் குழந்தைக்கு வரும் சுகரும் பெரியவருக்கு வரும் சுகரும் ஒரே நோய். ஒன்று கொஞ்சம் கடுமை, இன்னொன்று மிதம். கெப்ட்ஸின் ஸ்லைடுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனாலும் அந்த வெள்ளணுக்கள் அங்கே என்ன செய்தன? வைரஸைத் துரத்தி வந்தனவா, இல்லை கணையத்தையே தாக்கினவா? செத்த திசு இதற்குப் பதில் சொல்லாது.

பதில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கே டெபோரா டோனியாக் இருந்தார். தன் உடம்பைத் தானே தாக்கும் நோய் என்று ஒன்று உண்டு என்பதை நம்பவைத்தவர்களில் ஒருவர் அவர். 1956-ல் ஐவன் ராய்ட், பீட்டர் கேம்பல் ஆகியோருடன் சேர்ந்து, ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார். அதற்கு முன்னால், உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது என்பது மருத்துவத்தில் ஏறக்குறைய வேதவாக்கு. தைராய்டில் முடிந்தது கணையத்தில் முடியவில்லை. பல வருடம் பலர் தேடியும் கைக்கு எதுவும் சிக்கவில்லை.

ஏன் சிக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டைப் 1 நோயாளி ஒருவரின் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி, நோய் வந்த புதிதில் ஏராளமாக இருக்கும். தாக்குவதற்குச் செல்கள் குறையக் குறைய அதுவும் வற்றும். ஐந்து, பத்து வருடமாக இன்சுலின் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வருபவரின் ரத்தத்தில் தேடினால் பலருக்குக் கிடைக்காது. கிளினிக்கில் கிடைப்பவர்களோ பெரும்பாலும் அவர்கள்தான். இது போதாதென்று, தேடுவதற்கு வேண்டிய கணையம் தன் சொந்தச் செரிமான நீரிலேயே சீக்கிரம் கரைந்து கெட்டுப்போகும் உறுப்பு.

டோனியாக்கிடம் வந்து சேர்ந்த இளம் இத்தாலிய மருத்துவர் ஜான் ஃபிராங்கோ பொட்டாட்ஸோ. அவர் கையில் எடுத்த ரத்தம் வேறு மாதிரி ஆட்களுடையது. அட்ரீனல், தைராய்டு, பாராதைராய்டு என்று பல சுரப்பிகளை ஒரே நேரத்தில் உடம்பு தாக்கும் அபூர்வ நோயாளிகள். இவர்களிடம் ஆன்டிபாடி வற்றுவதில்லை; ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும். கணையத்துக்கும் ஒரு நிபந்தனை. புதிதாக எடுத்து உடனே உறையவைத்ததாக இருக்க வேண்டும், ஓ குரூப் ரத்தம் உள்ளவருடையதாக இருக்க வேண்டும். ஏ அல்லது பி குரூப் கணையத்தில் அந்தக் குரூப்பின் குறிகள் இருக்கும்; நம் ரத்தத்தில் இயல்பாக உள்ள குரூப் ஆன்டிபாடிகள் அவற்றில் போய் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

செய்முறை எளிது. உறைந்த கணையத்தை மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அதன் மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்துக் கழுவுவார்கள். ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் மனித ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து இரண்டாவது முறை ஊற்றுவார்கள். திரும்பக் கழுவி, இருட்டறையில் புற ஊதா ஒளி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கணையத்தின் பெரும்பகுதி கறுப்பாகக் கிடக்க, நடுவில் அந்தத் திட்டுகள் மட்டும் ஆப்பிள் பச்சையில் ஒளிர்ந்தால் ஆன்டிபாடி உண்டு என்று பொருள். 13 நோயாளிகளிடம் ஒளிர்ந்தது. பொட்டாட்ஸோ, ஃபுளோரின் கிறிஸ்டென்சன், டோனியாக் மூவரும் எழுதிய கட்டுரை 1974 நவம்பர் 30 'லான்செட்' இதழில் வந்தது. எடின்பரோவில் மக்யூஷ், இர்வின் குழுவும் அதையே கண்டுபிடித்திருந்தது. அவர்களுடையது டிசம்பரில் வந்தது.

அந்த அளவில் இது ஒரு விநோதம், அவ்வளவே. உலகத்தில் சொற்பப் பேருக்கு வரும் நோயில் கிடைத்த ஒரு பச்சை நிறம். அதற்கப்புறம்தான், நோய் வந்து சில நாளே ஆன சாதாரணக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அங்கேயும் பெரும்பாலோரிடம் ஒளிர்ந்தது. நாளாக ஆக மங்கியது. முந்தையவர்கள் ஏன் தவறவிட்டார்கள் என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

நோயைக் காட்டிய அடையாளம், வரப்போகும் நோயைச் சொல்லும் அடையாளமாக மாறியது எப்படி? மைக்ராஸ்கோப்பைவிட இதில் பெரிய வேலை செய்தது ஃபிரீஸர். லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனையின் ஆண்ட்ரூ கட்வொர்த், விண்ட்சர் வட்டாரத்தில் டைப் 1 குழந்தை உள்ள குடும்பங்களைச் சேர்த்தார். நோயுள்ள குழந்தையிடம் மட்டுமல்ல, ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த அண்ணன் தங்கைகளிடமும் பெற்றோரிடமும் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து உறையவைத்தார்கள். வருடங்கள் போயின. சில தம்பி தங்கைகளுக்கும் நோய் வந்தது. ஃபிரீஸரைத் திறந்து அவர்களுடைய பழைய ரத்தத்தைத் தேடினார்கள். பல மாதங்களுக்கு முன்பே, சிலரிடம் வருடங்களுக்கு முன்பே, பச்சை ஒளிர்ந்திருந்தது. கார்சச் முதல் ஆசிரியராக இருந்து 1981-ல் 'லான்செட்'டில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, நோய்க்கு முந்தைய காலம் நீண்டது என்ற முடிவு இருந்தது. ஒரு வாரத்தில் வைரஸ் வந்து கணையத்தைப் பொசுக்கிவிட்டுப் போகிறது என்று அதுவரை நம்பிவந்தவர்கள் நிறைய.

அமெரிக்காவில், பாஸ்டன் ஜாஸ்லின் மையத்தில் இன்னும் நெருக்கமான ஆதாரம் கிடைத்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரும் மூவரும். ஒருவருக்கு நோய், மற்றவருக்கு அப்போது இல்லை. ஸ்டூவர்ட் ஸோல்ட்னர் பல வருடமாக அவர்களைப் பின்தொடர்ந்து ரத்தம் சேர்த்திருந்தார். அவரோடு ஜார்ஜ் ஐஸன்பார்த். 1983-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த கட்டுரையின் முதல் பெயர் எஸ். ஸ்ரீகாந்தா. பின்னாளில் பெங்களூரு திரும்பி அங்கே நீரிழிவு மருத்துவம் செய்தவர். கூடவே ஓம் கண்டா என்ற இன்னொரு இந்தியர். நலமாக இருந்த சகோதரரிடம் முதலில் ஆன்டிபாடி தென்படுகிறது. பிறகு குளுக்கோஸ் ஊசி போட்டவுடன் கணையம் பீய்ச்சும் முதல் இன்சுலின் வருடா வருடம் குறைகிறது. கடைசியில் சர்க்கரை ஏறுகிறது. இந்த வரிசையை அவர்கள் கண்முன்னே பார்த்தார்கள். 1986-ல் ஐஸன்பார்த் இதை ஒரே படமாக வரைந்தார்: பிறவியிலேயே வரும் மரபணுச் சாய்வு, ஏதோ ஒரு தூண்டல், பிறகு வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே வரும் ஒரு கோடு. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்தக் கோட்டை வரைந்துதான் மதிப்பெண் வாங்குகிறார்கள். இந்திய இளைஞர் ஒருவர் முதல் பெயராக நின்ற வேலை அதற்கு அடியில் இருக்கிறது என்பது நம்மூரில் அதிகம் பேசப்படாத விஷயம்.

பச்சை ஒளிர்கிறது, சரி. எதன் மேல் ஒட்டி ஒளிர்கிறது? இந்தக் கேள்விக்குப் பதினாறு வருடம் பிடித்தது. ஒரு பகுதி சுலபமாகத் தீர்ந்தது. சியாட்டிலில் ஜெர்ரி பால்மர் 1983-ல், இன்சுலின் ஊசியே போடாத புது நோயாளிகளிடம் இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார். மற்றதுதான் பாடாய்ப் படுத்தியது. 1982-ல் டென்மார்க்கில் ஸ்டைனுன் பெக்கெஸ்கோவ், நோயாளிகளின் சீரம் கணையத் திட்டுகளிலிருந்து 64 ஆயிரம் டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைப் பிடித்து இழுக்கிறது என்று கண்டுபிடித்தார். எடை தெரிந்தது, ஆள் யாரென்று தெரியவில்லை. '64 கே' என்றே எட்டு வருடம் அழைத்தார்கள். கணையத்தில் அந்தத் திட்டுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அதில் அந்தப் புரதம் இன்னும் சொற்பம். வேண்டிய அளவு பிரித்தெடுக்க முடியவில்லை.

அந்தப் புரதத்தின் அடையாளம் மூளையிலிருந்து வந்தது. உடம்புத் தசைகள் கட்டை போல இறுகிக்கொள்ளும் அபூர்வ நரம்பு நோய் ஒன்று உண்டு. 1988-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோலிமெனா, டி கமில்லி குழு அந்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியது. அவர் ரத்தத்தில் மூளையின் ஒரு வகை நரம்பு செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. நரம்புகளை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் நொதியை அது குறிவைத்தது. அந்த நோயாளிக்கு டைப் 1 நீரிழிவும் இருந்தது. அதே நொதி கணையத் திட்டுகளிலும் உண்டு. அதன் எடையும் ஏறக்குறைய 64 ஆயிரம். இரண்டு குழுவும் கை கோத்தன. 1990-ல் 'நேச்சர்' இதழில் '64 கே'யின் உண்மைப் பெயர் வெளியானது: குளூட்டாமிக் ஆசிட் டிகார்பாக்ஸிலேஸ். சுருக்கமாக ஜி.ஏ.டி. இன்று லேப் ரசீதில் நாம் பார்ப்பது அதைத்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஐ.ஏ. 2 சேர்ந்தது. 2007-ல் ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8.

புரதத்தின் பெயர் தெரிந்துவிட்டால் அதைச் சோதனைக் குழாயிலேயே தயாரித்துவிடலாம். ஓ குரூப் கணையத்துக்காகக் காத்திருக்கும் காலம் முடிந்தது. ஒவ்வொரு ஆராய்ச்சிக்கூடமும் தன் கண்ணளவில் பச்சையை மதிப்பிட்ட குழப்பமும் மெல்லக் குறைந்தது. இன்று எலிசா என்ற சோதனை முறையில், ஒரு தட்டின் 96 குழிகளில் துளித் துளியாகச் சீரம் விட்டால் இயந்திரம் எண்ணைச் சொல்லிவிடுகிறது. ஜெர்மனி பவேரியாவில் 2015 முதல், குழந்தையின் விரலில் குத்திய ரத்தத்தை வைத்தே ஆயிரக்கணக்கில் பரிசோதித்து வருகிறார்கள்.

இந்த நாலு ஆன்டிபாடிகளில் எது வந்தால் ஆபத்து என்று கேட்டால், எத்தனை வந்தது என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஜெர்மனி, பின்லாந்து, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய மூன்று இடங்களில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்ட 13,377 குழந்தைகளின் கணக்கை அனெட்டே ஸீக்லர் குழு 2013-ல் வெளியிட்டது. அவர்களில் 585 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் வந்தன. அந்த 585 பேரில் பத்து வருடத்துக்குள் நூற்றுக்கு 70 பேருக்கு நோய் வந்தது. பதினைந்து வருடத்தில் 84. ஒரே ஒரு ஆன்டிபாடி மட்டும் வந்தவர்களில் பத்து வருடத்தில் நூற்றுக்கு 15 பேருக்குக்கூட வரவில்லை. இந்தக் கணக்குக்குப் பின் 2015-ல் அமெரிக்க நீரிழிவு அமைப்புகள் நோய் தொடங்கும் தேதியையே மாற்றிவிட்டன. இரண்டு ஆன்டிபாடி இருந்து, சர்க்கரை முழுக்க நார்மலாக இருந்தாலும் அதுவே டைப் 1-ன் முதல் கட்டம். சர்க்கரை லேசாகத் தடுமாறினால் இரண்டாம் கட்டம். தாகமும் இளைப்பும் வந்து நாம் நோய் என்று அழைப்பது மூன்றாம் கட்டம்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் குழப்பம் மிஞ்சும். இந்த ஆன்டிபாடிகள் கணையத்தைக் கொல்வதில்லை. கொல்வது டி செல் என்னும் வெள்ளணுக்கள். ஆன்டிபாடி, திருடன் வீட்டுக்குள் இறங்கியதும் குரைக்கும் நாய். டைப் 1 உள்ள தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. அவை போவதால் மட்டும் அந்தக் குழந்தைக்கு நோய் வந்துவிடுவதில்லை, சில மாதங்களில் அவை மறைந்துவிடுகின்றன. 2001-ல் இன்னும் தீர்க்கமான சாட்சி வந்தது. ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களே பிறவியில் இல்லாத ஒரு பையனுக்கு டைப் 1 வந்திருந்தது. நாய் இல்லாத வீட்டிலும் திருட்டு நடக்கும்.

தெரிந்துகொண்டு என்ன செய்வது? வெகுகாலம் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சிறு அளவு இன்சுலின் ஊசி போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2002-ல் தோற்றது. நிகோடினமைடு என்ற வைட்டமினைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2004-ல் தோற்றது. ஜோசியம் பலிக்கிறது, பரிகாரம் இல்லை என்ற நிலை. 2019-ல்தான் முதல் வெற்றி. இரண்டாம் கட்டத்தில் இருந்த 76 பேரில் ஒரு பகுதியினருக்கு டெப்லிசுமாப் என்ற மருந்தை 14 நாள் தொடர்ந்து நரம்பில் ஏற்றினார்கள். நோய் வெளிப்படுவது சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அப்போது அங்கே ஒரு கோர்ஸின் அறிவிப்பு விலை ஏறக்குறைய 1 லட்சத்து 94 ஆயிரம் டாலர். 2023-ல் இத்தாலி, 1 வயது முதல் 17 வயது வரையிலான குழந்தைகளுக்கு இந்த ஆன்டிபாடிப் பரிசோதனைத் திட்டத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

மருந்து இல்லாவிட்டாலும் ஒரு லாபம் உண்டு. முன்பே தெரிந்த குடும்பங்களில், குழந்தை மயங்கி அவசரப் பிரிவுக்கு வருவது வெகுவாகக் குறைகிறது. தாகம் கூடிய முதல் நாளே மீட்டரில் பார்த்துவிடுகிறார்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். இங்கே இந்தச் சோதனை இன்னொரு வேலைக்காக வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத வேலை.

சென்னைக்கு நீரிழிவு மருத்துவத்தில் பழைய பாத்தியதை உண்டு. 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் தனி நீரிழிவுப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் மருத்துவமனை. அவர் மகன் வி. மோகன், மனைவி ரமாவுடன் 1991-ல் தொடங்கிய மையம், ராயப்பேட்டையிலிருந்து லாயிட்ஸ் ரோட்டைத் தாண்டினால் வரும் கோபாலபுரத்தில் வளர்ந்தது. குழந்தைகளின் டைப் 1-ஐ எண்ணியதும் இந்த நகரம்தான். ராமச்சந்திரன், சிநேகலதா, கிருஷ்ணசாமி ஆகியோர் மெட்ராஸ் பதிவேட்டை வைத்து 1996-ல் வெளியிட்ட கணக்கில், ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்குச் சுமார் 10 பேர். பின்லாந்தில் அது 50-ஐத் தாண்டும். இந்தியாவில் டைப் 1 கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்துக்கு அந்தப் பத்து ஒரு பதில்.

இங்கே இருந்த சிக்கல் வேறு. ஐரோப்பாவில் ஒல்லியான இளைஞனுக்குச் சுகர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டைப் 1 என்று எழுதலாம். இங்கே ஒல்லியான இளைஞன் என்றால் பாதி ஊர். அவனுக்கு டைப் 1 இருக்கலாம். பெரியவர்களுக்கு வருவதும் நம்மவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுவதுமான டைப் 2 இருக்கலாம். கோபாலபுரம் மையம் 1992 முதல் 2009 வரை தன்னிடம் வந்த 25 வயதுக்குட்பட்ட நோயாளிகளை வகை பிரித்தபோது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு டைப் 2தான் இருந்தது. கணையத்தில் கற்கள் உண்டாகி வரும் சுகர் இருக்கலாம். கேரளத்தில் கீவர்கீஸும் பிறகு சென்னையில் மோகனும் விரிவாக ஆராய்ந்த நோய் அது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இருபக்கமும் வெள்ளை வெள்ளையாகக் கற்கள் தெரியும். மரபணு ஒன்றின் பிழையால் வரும் வகையும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. டைப் 1 என்றால் இன்சுலினை ஒரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. மரபணு வகைகளில் சிலவற்றுக்கு மாத்திரையே போதும். ஊசி போட்டுக்கொண்டிருந்த பிள்ளையை அதிலிருந்து விடுவிக்கலாம்.

இந்த நாற்சந்தியில்தான் ஜி.ஏ.டி. சோதனை சென்னையில் காலூன்றியது. நாளை என்ன வரும் என்று கேட்க யாரும் அதை எழுதவில்லை. இன்று வந்திருப்பது எது என்று தீர்க்க எழுதினார்கள். இப்போதும் நூற்றுக்குத் தொண்ணூறு சீட்டில் அதற்காகத்தான் எழுதப்படுகிறது என்று நினைக்கிறேன். நாற்பது வயதில் டைப் 2 என்று மாத்திரை சாப்பிட்டு, இரண்டு வருடத்தில் மாத்திரை கேட்காமல் எடை குறைந்து வருபவருக்கும் இதே சோதனைதான். பாசிட்டிவ் வந்தால் அவருக்கு மெதுவாக வந்த டைப் 1. "வாயைக் கட்டலை, அதான் ஏறுது" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் அவருக்கு நியாயம் கிடைக்கும்.

நெகட்டிவ் வந்தால்? இங்கேதான் இறக்குமதியான அளவுகோல் கொஞ்சம் தடுமாறுகிறது. டைப் 1 என்று தெளிவாகத் தெரியும் இந்தியக் குழந்தைகளிலும், ஆன்டிபாடி உள்ளவர்களின் பங்கு ஐரோப்பாவைவிடக் குறைவு என்று பல இந்திய ஆய்வுகள் சொல்கின்றன. நோய் வந்து பல வருடம் கழித்துச் சோதித்தது ஒரு காரணம். வேறு வகைகள் டைப் 1 என்று கலந்துவிடுவது இன்னொன்று. நம் மரபணுக்களும் கொஞ்சம் வேறு. ஆகவே நெகட்டிவ் தாளைப் பார்த்ததும் இன்சுலினை நிறுத்துகிறவர் ஆபத்தான காரியம் செய்கிறார். இன்னும் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் சி பெப்டைடையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

முன்கூட்டிச் சொல்லும் வேலைக்கு இது இங்கே பயன்படுமா? அக்காவுக்கு டைப் 1 என்று ஆனதும் தம்பியைக் கூட்டிவரும் பெற்றோர் இருக்கிறார்கள்.

"இவனுக்கும் அந்த டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?"

"பாக்கலாம்மா. வந்தா என்ன பண்ணப் போறீங்க?"

அம்மா யோசிப்பார். மேலை நாட்டுக் கணக்குப்படி உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு. பாசிட்டிவ் என்றால் தள்ளிப்போடும் மருந்துக்குக் காசு இல்லை. பள்ளியில் சொல்வதா, சொந்தக்காரர்களிடம் மறைப்பதா என்ற பேச்சு மட்டும் வீட்டில் தொடங்கிவிடும். பெண் குழந்தையாக இருந்தால் கல்யாணப் பேச்சுவரை அது நீளும். எடுக்க வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களிடம் நியாயம் உண்டு. ஆனாலும் நான் எடுக்கச் சொல்கிறவர்கள் பக்கம். அக்காவுக்கு வந்தபோது பதினைந்து நாள் தெரியாமல் கிடந்த வீடு அது; தம்பிக்கு ஒரு மீட்டரும் கொஞ்சம் விழிப்பும் போதும், ஐ.சி.யூ. தேவைப்படாது. அந்த லாபத்துக்கு டாலரில் காசு கட்ட வேண்டியதில்லை.

நெகட்டிவ் என்ற விடையோ இப்போது புதிதாக ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறது. சிறு வயதில் வயிறாரச் சாப்பிடாமல் ஒட்டி உலர்ந்து வளர்ந்து, இளமையில் சுகர் வந்து, இன்சுலின் இல்லாவிட்டாலும், தொடக்கத்தில் பார்த்த குழந்தையைப் போல அமில மயக்கத்துக்குப் போகாத ஒரு கூட்டம் நம்மூர் அரசு மருத்துவமனைகளில் எப்போதும் உண்டு. 1985-ல் உலக சுகாதார நிறுவனம் இதைச் சத்துக்குறைவு நீரிழிவு என்று தனி வகையாக ஏற்றது. 1999-ல் ஆதாரம் போதாது என்று நீக்கிவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் நிஹால் தாமஸ் குழுவும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து, அப்படிப்பட்ட ஒல்லி இளைஞர்களை டைப் 1, டைப் 2 நோயாளிகளோடு பக்கத்தில் வைத்து அளந்தார்கள். முதல் வடிகட்டியே ஆன்டிபாடி இல்லாமைதான். அவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு, ஆனால் டைப் 1 அளவுக்கு வற்றவில்லை; டைப் 2 போல இன்சுலினை எதிர்க்கும் உடம்பும் இல்லை. 2022-ல் 'டயபெடிஸ் கேர்' இதழில் வெளியானது. 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு டைப் 5 என்று எண் கொடுத்தது. உலகத்தில் 2 கோடி முதல் 2.5 கோடிப் பேருக்கு இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. எண்ணைக் கொடுத்துவிட்டார்களே தவிர, யாரை அதில் சேர்ப்பது, எந்த மருந்தில் தொடங்குவது என்ற விதிகளை எழுத இப்போதுதான் குழு அமைத்திருக்கிறார்கள்.